இன்னும் ஒரு குளிர் பாக்கி

ஸ்டெல்லாவின் தம்பி அருள் கூப்பிட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்தேன். சனிக்கிழமை, அரை நாள். ஹெல்மெட்டை மாட்டி வாரையும் பூட்டியாகிவிட்டது. கழற்றச் சோம்பல்பட்டு, போனைக் கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவில் செருகிக்கொண்டு, "சொல்லு அருள்" என்றேன். "மேடம், அக்கா போய்ட்டாங்க" என்றான். எங்கே என்று கேட்டேன். கேட்கும்போதே புரிந்துவிட்டது. அவன் இன்னும் ஏதேதோ சொன்னான். ஆஸ்பத்திரி, விடியக்காலை, சர்ச்சு என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. போனை வைத்த பிறகும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன். ஹெல்மெட்டுக்குள் ஒருத்தி என்ன செய்கிறாள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. பெண்பிள்ளைகள் "பை மிஸ்" என்று கையாட்டிக்கொண்டே போனார்கள், நானும் ஆட்டினேன். கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. வாட்ச்மேன் வந்து, "ஏன் மேடம், வண்டி ஸ்டார்ட் ஆகலியா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அவர் சாவியைத் திருப்பிப் பட்டனை அழுத்தினார். உடனே ஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஸ்டெல்லாவைத் தெரிந்தவர்களில் இரண்டு கூட்டம் உண்டு. எங்கள் பள்ளியில் பி.டி. மிஸ் என்று அவளை அறிந்தவர்கள் ஒரு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்களோடு வண்டி ஓட்ட வந்தவர்கள் இன்னொரு கூட்டம். பெங்களூர் விவேக் நகரில் அவளை அடக்கத்துக்குக் கொண்டுபோன அன்று இரண்டு கூட்டமும் வாசலில் தள்ளித் தள்ளி நின்றன. இந்தப் பக்கம் வெள்ளைச் சேலைகள், அந்தப் பக்கம் கனத்த பூட்ஸுகள். இரண்டிலும் சேர்ந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். இதை உங்கள் இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்குக் குளிர் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் கணக்கு டீச்சர்; என் தாத்தா மைசூர் அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர்; மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டில் எல்லோருமே சூடாகக் காபி குடித்துவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் ரகம். அதிலும் நான் ஒரு படி மேல். செப்டம்பரிலேயே சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்குகிறவள். என் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. பஸ்ஸில் இடிபடுவதற்கு இது தேவலை என்று ஓட்டக் கற்றுக்கொண்டு பள்ளிக்கு வந்துபோய்க்கொண்டிருந்தேன். மற்றபடி எனக்கும் வீரத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

ஸ்டெல்லா எங்கள் பள்ளியில் வந்து சேர்ந்த முதல் நாள், என் வண்டிக்குப் பக்கத்தில் தன்னுடைய பெரிய வண்டியை நிறுத்திவிட்டு, நான் வரும்வரை அங்கேயே காத்திருந்தாள். "இது உங்க வண்டியா மேடம்? வூட்டுக்காரருதா?" என்றாள். வீட்டுக்காரர் என்று யாரும் இல்லை, வண்டி என்னுடையதுதான் என்றேன். "எனக்கும் இல்ல. ஆய்த்து, ஞாயித்துக்கெழம வர்றீங்க" என்றாள். எங்கே, எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் வயது ஏறத்தாழ ஒன்றுதான். இருந்தும் கடைசிவரை என்னை மேடம் என்றே கூப்பிட்டாள். கொஞ்ச நாளில் மரியாதை மட்டும் கழன்றுகொண்டது. 'வா மேடம், போ மேடம்' என்பாள்.

அந்த முதல் ஞாயிறு டிசம்பரில் வந்தது. ஹொசகோட்டே தாண்டி ஏரிக்கரை ரோட்டில் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவது என்று திட்டம். நான் என் தயாரிப்புகளைச் செய்தேன். அப்பாவின் பழைய ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு கோட்டு, தலையில் குரங்குக் குல்லா, குல்லாவுக்கு மேல் ஹெல்மெட். கைக்குத்தான் யோசனையாக இருந்தது. கம்பளிக் கிளவுஸில் சூடு நிற்கும், ஆனால் காற்று புகும். ரப்பரில் காற்று புகாது, ஆனால் சூடு நிற்காது. இரண்டையும் கூட்டினால் விடை வந்துவிடும் என்று கணக்குப் போட்டு, கம்பளிக் கிளவுஸுக்கு மேலே பாத்திரம் தேய்க்கிற மஞ்சள் ரப்பர் கிளவுஸை இழுத்து மாட்டிக்கொண்டேன். ஸ்டெல்லா என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டாள். "இன்னா மேடம், அங்க போய் பாத்திரம் தேய்க்கணும்னு யாரு சொன்னா?" என்றாள்.

கணக்கு தப்பாகிவிட்டது. ஊர் எல்லை தாண்டுவதற்குள் ரப்பருக்குள் கை வேர்த்து, கம்பளி நனைந்து, நனைந்த கம்பளி ஐஸாகிவிட்டது. கிளட்ச் எங்கே இருக்கிறது, என் விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பல் கிடுகிடுக்க நின்றேன். ஸ்டெல்லா திரும்பி வந்தாள். அவள் உடம்பில் இருந்தது பள்ளியின் விளையாட்டு டீஷர்ட்டும், மேலே ஒரு மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டையும்தான். என் ரப்பர் கிளவுஸை உரித்து எடுத்தாள். என் உள்ளங்கைகளைப் பிடித்துத் தன் வண்டி என்ஜினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். அடுப்பெதிரே குந்துவதுபோல ரோட்டோரம் குந்திக்கொண்டு குளிர் காய்ந்தேன். அவள் பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு பழைய கன்னடப் பேப்பரை வாங்கிவந்து, என் கோட்டுக்குள் நெஞ்சுக்கு முன்னால் மடித்துச் செருகினாள். "குளிரு எப்பவும் முன்னாடி இருந்துதான் வரும் மேடம். முன்பக்கத்த அடைச்சிரு. முதுக ஏசு பாத்துப்பாரு" என்றாள். பேப்பர் செருகியதும் நிஜமாகவே குளிர் பாதியாகக் குறைந்தது. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அன்று ஆரம்பித்த சண்டை எங்களுக்குள் கடைசிவரை ஓயவே இல்லை. எனக்குக் குளிருகிறது என்பதை அவள் நம்பவே மாட்டாள். "இதெல்லாம் ஒரு குளிரா?" என்பாள். "டிராமா மேடம்" என்று எனக்குப் பட்டமே வைத்திருந்தாள். அவளுடைய சித்தாந்தம் வேறு: "குளிருன்னு ஒன்னு கெடையாது. சூடு கொஞ்சம் லேட்டா வருது, அவ்ளோதான்." பள்ளியிலும் அப்படித்தான். காலை அசெம்ப்ளியில் கையைக் கட்டிக்கொண்டு நடுங்குகிற பெண்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவாள். "ஓடு கண்ணு, சூடு வந்துரும்." அவளிடம் படித்தவர்கள் இதை வாசிக்கும்போது சிரிப்பீர்கள் என்று தெரியும். வந்துவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் நடுங்கிக்கொண்டேதான் அவள் பின்னால் போனேன், வருஷா வருஷம். அவள் சிரித்துக்கொண்டேதான் எனக்காக வண்டியை நிறுத்தினாள். அவள் நம்பவில்லையே தவிர, நிறுத்தாமல் ஒருமுறையும் போனதில்லை.

ஒரு சமயம் எனக்கு நல்ல ஜாக்கெட் வாங்குவதற்காகச் சிவாஜிநகரில் கடை கடையாக ஏறினோம். பெண்கள் அளவில் ஜாக்கெட் எங்கேயும் இல்லை. கடைசியாக ஒரு கடைக்காரர், "லேடீஸ் சைஸ் கேட்டா எங்க போறது ஆப்பா? ஜென்ட்ஸ் ஸ்மால் போட்டுப் பாருங்க, ஏக்தம் ஃபிட்" என்று உருதுத் தமிழில் அக்கா போட்டுச் சொல்லி, ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. ஸ்டெல்லா விடவில்லை. கடையிலிருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை நடுவில் போட்டு, "உக்காரு" என்றாள். வண்டியில் உட்காருவதுபோல் இருபுறமும் கால் போட்டு, கையை முன்னால் நீட்டி ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோல் பிடிக்கச் சொன்னாள். சேலை கட்டிய கணக்கு டீச்சர் ஸ்டூல் மேல் அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்க, தெருவில் ஆட்டுக்கறி வாங்க வந்தவர்களும் துணி வாங்க வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். கையை நீட்டியதும் ஜாக்கெட்டின் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிக்கொண்டது. முதுகுப் பக்கம் தூக்கிக்கொண்டது. "பாத்தியா? அங்கதான் காத்து புகும். நின்னு போட்டுப் பாக்கறது கல்யாணப் பொண்ணுக்கு மேடம். நாம உக்காந்துதான் பாக்கணும்" என்றாள். கடைசியில் பெரிய அளவில் ஒன்றை வாங்கி, அவளுக்குத் தெரிந்த தையற்காரரிடம் கொடுத்து இடுப்பைப் பிடித்துத் தந்தாள். நம் குழுவில் யார் ஜாக்கெட் வாங்கப் போனாலும் இன்றைக்கும் ஸ்டூல் கேட்கிறார்கள். அது எங்கிருந்து வந்த வழக்கம் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

இன்னொரு வழக்கமும் அவள் ஏற்படுத்தியதுதான். பெங்களூர்க் குளிருக்கு முடிவு தேதி கிடையாது. பிப்ரவரியில் ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது. அதனால் ஒரு விதி வைத்தாள். ஞாயிறு ரைடு முடிந்து திரும்பி வரும்போது யாருக்காவது சட்டைக் காலர் வேர்வையில் நனைந்திருந்தால் அன்றோடு சீசன் முடிந்தது. நனைந்தவர் அதைக் குழுவில் அறிவிக்க வேண்டும். அப்புறம் எல்லோரும் ஜாக்கெட், கிளவுஸ், உள்கம்பளி எல்லாவற்றையும் துவைத்து மடித்து வைத்துவிடலாம். நான் சங்கராந்தியிலிருந்தே என் காலரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன், எப்போது நனையும், எப்போது விடுதலை என்று. ஸ்டெல்லாவுக்கு அது முடியவே கூடாது. "இன்னும் ஒரு குளிர் பாக்கி இருக்கு மேடம்" என்பாள் ஒவ்வொரு வாரமும். குளிர் எங்கே மிச்சமிருக்கும் என்று தேடிக்கொண்டு போவாள். ஏரிக்கரைப் பள்ளம், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே போகிற ரோடு, பாறைகளுக்கு இடையில் வெயில் தாமதமாக வருகிற வளைவு எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிப்ரவரிக் கடைசியில்கூட எங்காவது ஒரு பள்ளத்தில் கொஞ்சம் குளிரைக் கண்டுபிடித்துவிடுவாள். சட்டென்று முகத்தில் அது மோதும்போது முன்னால் போகிற அவள் இடது கையைத் தூக்கிக் காட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் அம்மா இறந்துபோன வருஷம் நான் யாரோடும் பேசவில்லை. பள்ளிக்குப் போவேன், வருவேன். ஞாயிற்றுக்கிழமை ரைடுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பேன். ஸ்டெல்லா ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். துக்கம் விசாரிக்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "உன் வண்டி பேட்டரி எறங்கிடும். வா, ஒரு ரவுண்டு" என்றாள். ஒரு ரவுண்டு என்று கோலார்வரை கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டு அழுதேன். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, கண்ணாடியில் மட்டும் என் விளக்கைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓட்டினாள். திரும்பி வந்தபோது, "முகம் கழுவிக்கோ" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன ஆறுதல்.

போன தீபாவளிக்குப் பிறகு அவளுக்கு வயிற்றில் நோய் என்று தெரிந்தது. அவள் அதை 'உள்ள பங்ச்சர்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உடனே சிகிச்சையை ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது, மைதானத்தில் விசில் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் அவள் குரல் இளைத்துப்போனது. அவள் சாவைப் பற்றி என்னோடு பேசவில்லை. டிசம்பர் ஒரு மாதம் போகிறதே என்றுதான் புலம்பினாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீசன் முடியறதுக்குள்ள ஒன்னே ஒன்னு மேடம். ஒரு தடவ மூஞ்சில குளிரு பட்டாப் போதும்" என்றாள். அதைத் தவிர வேறு எதையும் அவள் என்னிடம் கேட்கவில்லை. எத்தனையோ வருஷம் எனக்காகச் செய்தவள் முதன்முதலாகக் கேட்ட ஒன்று. அதை எப்படியாவது செய்துவிட வேண்டும் என்று எனக்குள் வெறியே வந்துவிட்டது.

ஆனால் இரண்டு காரியங்கள் எதிரும் புதிருமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சிகிச்சைக்குப் பிறகும் ரத்தப் பரிசோதனை. அது தேறினால்தான் வெளியே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது தேறத் தாமதமானது. இந்தப் பக்கம் குளிர் காலி ஆகிக்கொண்டே வந்தது. சங்கராந்தி போயிற்று. ஜனவரி போயிற்று. நான் விடிவதற்கு முன்னால் எழுந்து, போர்வைகூட இல்லாமல் மொட்டை மாடியில் போய் நின்று பார்ப்பேன். உடம்பு நடுங்கினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்னும் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்று அவளுக்குப் போன் செய்து சொல்வேன். வாழ்நாள் முழுக்கக் குளிரை வைதவள், போகாதே, கொஞ்சம் இரு என்று அதனிடம் கெஞ்சினேன்.

பிப்ரவரிக் கடைசியில் டாக்டர் சம்மதித்தார். கொஞ்ச தூரம், வண்டி ஓட்டக் கூடாது, பின்னால் உட்கார்ந்து போகலாம், முகமூடி கட்டாயம். ஸ்டெல்லாவின் தம்பி அருளுக்கு இஷ்டமே இல்லை. அவளோடு ஒரே வீட்டில் இருந்து இரவும் பகலும் பார்த்துக்கொண்டவன் அவன். "நீங்களாச்சும் வேணாம்னு சொல்லுங்க மேடம். நீங்க சொன்னாக் கேப்பாங்க" என்று வாசலில் நிறுத்திச் சொன்னான். அவன் சொன்னது நியாயம்தான். "அருள், அவ வேற எதுவும் கேக்கல" என்றேன். அவன் உள்ளே போய் அவளுடைய பூட்ஸை எடுத்துவந்து, குனிந்து அவனே அவளுக்கு மாட்டிவிட்டான்.

ஸ்டெல்லா வாழ்க்கையில் பின்சீட்டில் உட்கார்ந்ததில்லை. "பின்சீட்டு மூட்டைக்கு" என்று எத்தனையோ பேரைக் கேலி செய்தவள். அன்று ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், கழுத்தில் மப்ளர், ஹெல்மெட் ஆடாமலிருக்கத் தலையில் ஒரு துண்டு என்று அடுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "மூட்டை ரெடி மேடம்" என்றாள். தூக்கி உட்காரவைத்தோம். மூட்டைக்கு உண்டான கனம்கூட இல்லை. நான் என் முழு ஜாக்கெட்டையும் உள்கம்பளியோடு மாட்டியிருந்தேன். அவள் அப்படி இருக்கும்போது நான் மட்டும் மெல்லிசாக எப்படிப் போவது?

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. குளிர் போய்விட்டது. முந்தின நாள் மாடியில் நடுங்கினேனே, அந்தக் குளிர் ஒரே இரவில் காணாமல் போயிருந்தது. மேகமூட்டம், காற்றில் ஒரு புழுக்கம். ஏரிக்கரைப் பள்ளத்தில் இறங்கினேன், இல்லை. தோட்டத்து ரோட்டில் திருப்பினேன், அங்கேயும் இல்லை. எனக்கு ஜாக்கெட்டுக்குள் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. கழுத்து நனைந்து, காலர் நனைந்து, முதுகில் கோடாக இறங்கியது. ஒரே ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா என்று அந்தக் குளிர்காலத்தின் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்போது பின்னாலிருந்து அவள் என் ஹெல்மெட்டில் தட்டி, "மேடம், குளிருதுல்ல?" என்று கேட்டாள். எனக்காகச் சொல்கிறாள், என் மனசு நோகக் கூடாது என்று நடிக்கிறாள் என்று நினைத்தேன். நானும், "ஆமாம் ஸ்டெல்லா, பயங்கரமா குளிருது" என்று கத்தினேன்.

வழக்கமான டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்கார அம்மா எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "ஏன் மேடம், பேசிகெ பந்தாய்த்து. இன்னும் ஸ்வெட்டரா?" கோடைகாலமே வந்துவிட்டதாம். அந்த அம்மாவின் வாயைப் பொத்தலாம்போல் இருந்தது. நான் ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். கிளாஸ் ஆடிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. அவள் கையைத் தொட்டேன். ஐஸ். அவள் நடிக்கவில்லை. நோய் அவள் உடம்பிலிருந்த சூட்டையெல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தது. எனக்கு வேர்த்து ஊற்றிய அதே காற்று அவளுக்குக் குளிர்காற்றாக இருந்திருக்கிறது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, விரலை நீட்டி என் காலருக்குள் விட்டுப் பார்த்தாள். விரல் நனைந்தது.

"உனக்குக் குளிரல" என்றாள்.

"இல்ல."

"அப்ப எனக்கு மட்டுந்தான் இப்பிடி ஆவுதா?" என்று கேட்டாள். பல் கிட்டிக்கொண்டு வந்ததால் அடுத்த வார்த்தை மெதுவாகத்தான் வந்தது. "மேடம், எலும்புல குத்துது. வெரலு என்னுதே இல்லாத மாதிரி இருக்கு. உனக்கு எப்பவும் இப்பிடித்தான் இருந்துச்சா? எல்லா வருசமும்?"

"ஆமாம்" என்றேன்.

"டிராமா இல்லியா?"

"இல்ல ஸ்டெல்லா."

"இவ்ளோ குளிரோடவா என் பின்னாடியே வந்தே?" அவள் கண் நிறைந்துவிட்டது. "லூசு. அப்புறம் ஏன் வந்தே?"

"நீ கூப்பிட்டே" என்றேன்.

திரும்பி வரும்போது அவள் என் ஜாக்கெட்டின் இரண்டு பைக்குள்ளும் கையை விட்டுக்கொண்டு, முதுகில் சாய்ந்துகொண்டாள். அவளுக்குக் குளிர்ந்துகொண்டே இருக்கட்டும், ஆனால் ரொம்பக் குளிரக் கூடாது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு, நான் வாழ்நாளில் ஓட்டிய எந்த வேகத்தைவிடவும் மெதுவாக ஓட்டினேன். ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்திக்கொண்டு போனார். வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அருள் ஓடிவந்து, எப்படி இருந்தது என்று கேட்டான். "செம குளிருடா" என்று பெருமையாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் இருந்தாள். காய்ச்சல் வந்து அட்மிட் செய்தார்கள், திரும்பவில்லை. அந்த ரைடுதான் காரணம் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு ஓடியதாகக் கேள்விப்பட்டேன். அப்படியில்லை என்று டாக்டரே அருளிடம் சொல்லிவிட்டார், அருள் என்னிடம் சொல்லி அழுதான். அதையும் மீறிப் பேச வேண்டுமென்று நினைப்பவர்கள் என் முகத்துக்கு நேராக வந்து பேசலாம். அவள் இந்த உலகத்தில் ஆசைப்பட்டுக் கேட்டது கிடைத்து, அதற்குப் பிறகுதான் போனாள். நம்மில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும் என்று தெரியவில்லை.

அவளுடைய ஜாக்கெட்டை எடுத்துக்கொள்ளச் சொல்லி அருள் கேட்டான். வேண்டாம் என்றேன், குழுவில் புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு அது பொருந்தும், ஸ்டூலில் உட்காரவைத்துப் பார்த்துக் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டேன். எனக்கென்று அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு. எனக்கு எப்படிக் குளிரும் என்று என்னைப் பெற்றவளுக்குக்கூடத் தெரியாது. ஸ்டெல்லாவுக்குத் தெரியும். தன் எலும்பால் தெரிந்துகொண்டு, அதை என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். டீக்கடை பெஞ்சில் அவள் கேட்ட அந்தக் கேள்வியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். அது ஒன்று போதும் என்று சொல்லத்தான் ஆசை. போதவில்லை. அவள் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிக்க மாட்டாள். அக்கம்பக்கத்தார் எழுந்துவிடுவார்கள் என்று கேட்டைத் திறந்துவந்து ஜன்னல் கம்பியில் சாவியால் தட்டுவாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருப்பேன். அவள் தட்டிக்கொண்டே இருப்பாள். இப்போது வெயில் காலம். ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் தூங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் விடிவதற்கு முன்னால் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன்.